சித்தப்பா, நீங்கள் நின்ற ஊரிலிருந்து எழுதுகிறேன்

அன்புள்ள சித்தப்பா,

போட்ஸ்ஃபியோர்ட்டைப் பற்றிப் போனில் கேட்டால் "அது ஒரு குளிர் ஊர் பிள்ளை, வேறென்ன" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. 1983க்குப் பிறகு ஊரைவிட்டு வந்து, வார்டோ, ஹொனிங்ஸ்வோக், போட்ஸ்ஃபியோர்ட் என்று நோர்வேயின் வடகோடி மாகாணமான பின்மார்க்கின் கரையோர மீன் தொழிற்சாலைகளில் நின்ற தமிழர் நிறையப் பேர். இப்போது அவர்கள் ஒஸ்லோவிலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார்கள். உங்களிடம் நான் கேட்கப்போவதை அவர்களிடமும் யாராவது கேட்கவேண்டும்.

முதலில் ஊர். தங்குமிடத்திலிருந்து தொழிற்சாலை, தொழிற்சாலையிலிருந்து தங்குமிடம், இவ்வளவுதான் அந்த நாளில் உங்கள் நடை என்று சித்தி சொல்லியிருக்கிறா. ஆகவே சுற்றுவட்டத்தை நான் சொல்கிறேன்.

நோர்வேயின் வடகிழக்கு மூலையில் வாரங்கர் தீபகற்பம். அதற்கு வடக்கே பாரென்ட்ஸ் கடல். அந்தக் கடல் உள்ளே நீட்டிய ஒரு ஃபியோர்டின் அடிமுனையில், 70 பாகை வட அகலக்கோட்டையும் தாண்டி, ஏறத்தாழ 2,000 சனத்தோடு இந்த ஊர் இருக்கிறது. மேற்கு நோர்வேப் படங்களில் வரும் செங்குத்து மலையும் அருவியும் இங்கே கிடையாது. தேய்ந்துபோன மொட்டை மேடுகள், தட்டையான உச்சிகள், எங்கு பார்த்தாலும் உடைந்த கல். காற்றுப் படாத பள்ளங்களில் கொஞ்சம் பேர்ச் புதர் முளைக்கும். ஜூலையிலும் சராசரி வெப்பநிலை 10 பாகையைச் சுற்றித்தான் நிற்கும்.

இதே அகலக்கோட்டில் அலாஸ்காவின் வடகரைக் கடலும் சைபீரியக் கரைக் கடலும் மாரியில் உறைந்துபோகின்றன. எங்கள் துறைமுகம் உறைவதில்லை. அத்திலாந்திக்கிலிருந்து நோர்வேக் கரையோரமாக ஏறிவரும் வெதுவெதுப்பான நீரோட்டம் இந்த மூலைவரைக்கும் வந்துசேர்கிறது. ஜனவரிச் சராசரிக் குளிரில் ஒஸ்லோவுக்கும் இந்த ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் நம்புவீர்களா? இங்கே ஆளைப் படுத்துவது காற்று. தரைப் பக்கமிருந்து கடுங்குளிர்க் காற்று இறங்கும் நாட்களில் ஃபியோர்டின் தண்ணீர் ஆவி விடும். தண்ணீர் சுட்டு அல்ல, காற்று அதைவிட மிகக் குளிராக இருப்பதால். படகுகளின் அடிப்பாகம் மறைந்து, பாய்மரக் கம்பமும் ரேடாரும் மட்டும் புகைக்கு மேலே நகர்ந்து போகும். சரியான வடிவு, சித்தப்பா. காலை முறை வேலையில் நிற்கும்போது யன்னலால் இதைப் பார்த்திருப்பீர்களா என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன்.

யாழ்ப்பாணத்து மீன்பிடி ஊரான மயிலிட்டியில் பிறந்த ஆளுக்கு மீன் ஏன் ஒரு இடத்தில் கூடுகிறது என்று நான் படிப்பிக்கத் தேவையில்லை. இருந்தாலும் இந்தக் கடலின் கணக்கு வேறு. பாரென்ட்ஸ் கடல் ஆழம் குறைந்தது, சராசரி 230 மீட்டர். தெற்கிலிருந்து வரும் சூடான நீரும் வடக்கிலிருந்து வரும் குளிர்நீரும் இங்கே சந்திக்கின்றன. இருட்டுக்காலம் முடிந்து வெளிச்சம் திரும்பியதும் நுண்பாசிகள் கொத்துக்கொத்தாகப் பெருகும். அந்தப் பாசியைத் தின்று வளரும் நுண்ணுயிர்களை இரையாக்கி வாழ்கிற கபெலின் என்ற சின்ன மீன் இளவேனிலில் முட்டையிடப் பின்மார்க் கரைக்கு வரும். அதைத் துரத்திக்கொண்டு கொட் மீன் வரும். உலகத்திலேயே பெரிய கொட் கூட்டம் இந்தக் கடலில்தான் இருக்கிறது. கரையில் நிற்பவனுக்கு மீன் வாசலுக்கே வந்தமாதிரி. வேறு எதுவும் விளையாத இந்தக் கல்லில் ஊர் ஒன்று இருப்பதற்கு அந்த வருகைதான் காரணம்.

இந்தக் கரையோரத்தில் மீன் காயப்போட்டிருக்கும் மரச்சட்டங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம்முடைய கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். இவர்களுக்கு இரண்டும் வேண்டாம். மாரிக் கடைசியில் வெப்பநிலை பூச்சியத்தைச் சுற்றியே நிற்கும், காற்று ஓயாது, இலையான் இன்னும் பிறந்திருக்காது. அந்த சில மாதங்களில் கொட் மீன் உப்பில்லாமலே விறகுபோல் காய்ந்துவிடும்.

சரி, வேலைக்கு வருகிறேன். நான் இங்கே தாதியாக இருப்பதால் தொழிற்சாலை ஆட்களைத் தினமும் காண்கிறேன். இன்று லித்துவேனியாவிலிருந்து வந்தவர்கள் அதிகம். அவர்களுக்கு முன் ரஷ்யர்கள், அதற்கு முன் நீங்கள், உங்களுக்கும் முன் ஃபின்லாந்துப் பெண்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துத் தெற்கே போய்விட, அந்தந்தக் காலத்தில் யாருக்குப் போக்கிடம் இல்லையோ அவர்கள் வந்து, முள்ளெடுத்த மீன்சதையான பில்லேட் வெட்டும் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

ஒருநாள் அந்த வரிசையைப் போய்ப் பார்த்தேன். தலையும் குடலும் போன மீனை இயந்திரம் இரண்டு பாதியாகப் பிளந்து தோலை உரித்து அனுப்புகிறது. மிச்சம் கைவேலை. அடியிலிருந்து வெளிச்சம் வரும் வெள்ளைப் பலகையில் சதையைப் போட்டால் உள்ளே இருக்கும் முள், இரத்தப்பொட்டு, சுருண்டு கிடக்கும் புழு எல்லாம் நிழலாகத் தெரியும். சின்னக் கத்தியால் அதை எடுக்கவேண்டும், நல்ல சதையைக் கூட வெட்டிவிடக்கூடாது, அதற்குள் அடுத்த துண்டு வந்துவிடும். கை முழுக்க ஈரம். தோள் எப்போதும் ஒரே உயரத்தில். பத்து நிமிடம் பக்கத்தில் நின்றதில் உங்கள் வலது தோள் ஏன் இன்றைக்கும் குளிர்காலத்தில் இழுக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. நீங்கள் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

நீங்கள் இருந்த காலம் சாதாரண காலமும் அல்ல. 1989 அளவில் கொட் மீன் குறைந்து, பிடிக்கும் அளவை அரசாங்கம் கடுமையாக வெட்டியது. கரையோரம் முழுக்க வேலை ஆட்டம் கண்டது. சனம் வடக்கை விட்டுப் போகாமல் இருக்க 1990இல் பின்மார்க்குக்கும் அதை அடுத்த வட துறூம்ஸுக்கும் தனிச் சலுகைகள் வந்தன: வருமானவரி குறைவு, படிப்புக்கடனில் ஆண்டுதோறும் தள்ளுபடி. நானே இங்கே வந்ததற்கு அந்தத் தள்ளுபடியும் ஒரு காரணம். அப்புறம் மீன் திரும்பிப் பெருகியது. இப்போது மறுபடி இறக்கம். நோர்வேயும் ரஷ்யாவும் 1976 முதல் சேர்ந்து உட்கார்ந்து கொட் பிடிக்கும் அளவைத் தீர்மானிக்கின்றன. 2025ஆம் ஆண்டுக்கு அவர்கள் வைத்த 340,000 தொன், அந்த நேரத்தில் 1991க்குப் பிறகு மிகக் குறைந்த அளவாக இருந்தது. கடையிலும் சிகிச்சை நிலையத்திலும் இதுதான் கதை. சோவியத் விஞ்ஞானிகள் 1960களில் மூர்மான்ஸ்க் பக்கம் கொண்டுவந்து விட்ட ராட்சத நண்டு எல்லை தாண்டி இங்கேயும் பெருகியதால் சில படகுகள் தாக்குப்பிடிக்கின்றன. பில்லேட் வரிசைக்கு நண்டால் பயனில்லை.

பாதை இன்னும் அதே பாதைதான். மலைமேட்டைத் தாண்டி கெட்னியே சந்திக்குப் போகும் 891. புயல் என்றால் தடுப்பு விழும். கொஞ்சம் தணிந்தால் பனி தள்ளும் வண்டி முன்னே போக, கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் நம்பிப் போகவேண்டும். எண்ணெய் நிறைய இருக்கவேண்டும், கம்பளி உடுப்பு காருக்குள் இருக்கவேண்டும். பெரிய ஆஸ்பத்திரி கிர்க்கெனெஸில், தரைவழியாக 200 கிலோமீட்டருக்கு மேல். பிள்ளை பிறப்பதற்கும் அங்கேதான். பாதையும் பூட்டி விமானமும் இறங்கமுடியாத இரவுகளில் எங்கள் சிகிச்சை நிலையத்தில் இருப்பவர்களே எல்லாம். அப்படியான இரவில் பக்கத்து வீட்டுக்காரர் சூப்போடு வந்து கதவைத் தட்டுவார். இந்த ஊர்ச் சனத்தை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி தாண்டித்தான் திரும்பும். மேயிலிருந்து ஜூலைக் கடைசிவரை மறைவதே இல்லை. இருட்டைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். ஓகஸ்டில் மேட்டுநிலச் சதுப்பில் பழுக்கும் முல்தே என்ற செம்மஞ்சள் பழத்தை மட்டும் சொல்லவேண்டும். எந்த இடத்தில் கிடைக்கும் என்று பெற்ற பிள்ளைக்கும் சொல்லமாட்டார்கள்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். இங்கே வயதானவர்களுக்கு ஒவ்வொரு படகின் பெயரும் கப்டனின் பெயரும் தெரிகிறது. தமிழர்களைப் பற்றிக் கேட்டால் "ஓம், நல்ல வேலைகாரர்" என்கிறார்கள், அதோடு முடிகிறது. அது போதாது. உங்கள் வாயால் வரவேண்டும். வரிசையில் உங்களுக்கு இரு பக்கமும் நின்றவர்கள் யார்? கூப்பன் கணக்குப்போல் கிலோவுக்குக் காசு எப்படி எழுதினார்கள்? மிளகாய்த்தூள் எங்கேயிருந்து வந்தது? தைப்பொங்கலுக்குச் சூரியனே இல்லாத ஊரில் பொங்கினீர்களா? மயிலிட்டியை இராணுவம் எடுத்த செய்தி 1990இல் உங்களுக்கு யார் மூலம் வந்தது, அன்றைக்கு வேலைக்குப் போனீர்களா? ஏன் கடைசியில் எல்லாரும் ஒவ்வொருவராக ஒஸ்லோவுக்கு இறங்கினீர்கள்?

ஜூலையில் வாருங்கள். கிர்க்கெனெஸுக்கு விமானத்தில் வந்தால், மதியம் புறப்படும் ஹுர்டிருட்டன் கப்பல் வார்டோவைத் தொட்டு அன்றிரவே இங்கே சேர்ந்துவிடும். நான் இறங்குதுறையில் நிற்பேன். வரமுடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் சொல்லுங்கள், நான் பதிவுசெய்து எழுதிக்கொள்கிறேன். சித்தியும் பக்கத்தில் இருக்கட்டும். அவவும் அந்த வரிசையில் நின்றவதானே.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்