பொங்கலுக்கு மறுநாள் அந்த வாழை மரங்களை எங்களிடம் தாருங்கள்

சிங்கப்பூர், தேக்கா வட்டாரக் கடை உரிமையாளர்களுக்கும் பொங்கல் விழா ஏற்பாட்டாளர்களுக்கும் வணக்கம்.

தை பிறந்ததும் சிராங்கூன் சாலைக் கடை வாசல்களில் கட்டப்படும் வாழை மரங்கள், விழா முடிந்த கையோடு துண்டு துண்டாக வெட்டப்பட்டுக் குப்பைக்குப் போவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சென்ற பொங்கலின்போது, நாரெடுக்க மரம் வேண்டுமென்று ஒரு கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தும், நான் போய்ச் சேர்வதற்குள் மரம் கறுப்புப் பைக்குள் போய்விட்டது. வாசலை உடனே துப்புரவாக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு என்பதை அறிவேன். ஆனாலும் அன்று மனம் மிகவும் வலித்தது.

ஒருமுறை குலை தள்ளிய வாழை மறுபடி குலை தள்ளுவதில்லை என்பதால், திருச்சி, தேனிப் பக்கத் தோட்டங்களில் அறுவடைக்குப் பின் மரத்தை வெட்டிச் சாய்த்துவிடுகிறார்கள். அந்தக் கழிவிலிருந்து நாரெடுத்துப் பொருள்கள் செய்வதற்கு, 1993இல் திருச்சியில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பயிற்சி தருகிறது. சென்னையை அடுத்த அனகாபுத்தூர் நெசவாளர்களோ வாழைநாரைக் கொண்டு சேலையே நெய்கிறார்கள். பூத்தொடுக்க நார் கிழித்த நம் பாட்டிமார்களுக்கு இது புதுச் செய்தியன்று.

வேலைக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. மட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து, பலகையில் படுக்கவைத்து, மழுங்கிய கத்தியால் சதையை வழித்தெடுத்தால், வெளிமட்டையிலிருந்து கூடைக்கும் கால்மிதிக்கும் ஏற்ற முரட்டு நாரும், உள்மட்டையிலிருந்து பட்டுப்போல் மின்னும் மெல்லிய நாரும் கிடைக்கும். வாழைக் கறை துணியில் பட்டால் போகவே போகாது. பழைய சட்டை போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெட்டிய மரம் விரைவில் அழுகத் தொடங்கும் என்பதும், உரித்த நாரைக் காற்றோட்டமாக உலர்த்தாவிட்டால் பூசணம் பிடிக்கும் என்பதும் நான் பட்டுத் தெரிந்துகொண்டவை. அதனால்தான் ஒரு நாள் தாமதம்கூட எங்களுக்குப் பெரிய இழப்பு.

எரித்த குப்பையின் சாம்பல் போய்ச் சேரும் செமாக்காவ் நிலநிரப்பு 1999இல் திறக்கப்பட்டது. அது 2035 வாக்கில் நிரம்பிவிடக்கூடும் என்று அரசாங்கமே கூறியுள்ளது. தேக்காவின் வாழை மரங்களைக் காப்பாற்றுவதால் அந்தக் கணக்கு மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பகுதி தண்ணீராகவே உள்ள ஒரு தண்டை எரிக்க அனுப்புகிறோமே என்பதும், வாழையிலையைச் சாப்பிடும் தட்டாக மட்டுமே அறிந்த நம் பிள்ளைகள் அந்த மரத்தின் நாரைத் தொட்டுப் பார்த்ததே இல்லையே என்பதும்தான் என் ஆதங்கம்.

ஆகவே, விழா முடிந்த மறுநாள் காலை மரங்களை வெட்டாமல் ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். ஏற்றிச் செல்வது எங்கள் பொறுப்பு. நாரெடுக்க இரண்டு நாளுக்கு ஒரு கூரையடி இடமும், அடுத்த ஆண்டு விழாச் சந்தையில் ஒரு மேசையும் ஒதுக்கித் தாருங்கள். அங்கே விற்கும் கூடைக்கு இரக்கப்பட்டு யாரும் காசு தர வேண்டாம், முடைந்த கைகளின் உழைப்புக்குரிய விலை கிடைத்தால் போதும். கார்த்திகைக்குள் பதில் தந்தால், ஆட்களையும் பலகைகளையும் தயார் செய்துவிடுவோம்.

இப்படிக்கு,
தோ பாயோவில் வசிக்கும் கைவினை ஆசிரியை