நான்கு நொடிக் கணக்கு

கொழிஞ்சாம்பாறை,
ஆனி 12

அன்பு நண்பா,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதால் வீடு நிறைந்திருக்கிறது. அங்கே சாரல் பிடித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். இங்கே வானம் மூடுகிறதே தவிர, மழை போதவில்லை.

உன் கணினி போட்டவுடன் அணைந்துவிடுகிறது, கடையில் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள் என்று கலங்கியிருக்கிறாய். தயவுசெய்து அவசரப்பட்டுப் பணம் கொடுத்துவிடாதே. அதில் வைத்திருக்கும் உன் படங்களை நினைத்தும் பயப்படாதே. அவை ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. போர்டே போனாலும் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி எடுத்துவிடலாம். நம் பக்கத்துப் பாட்டிமார்களிடம் கேட்டுக் கேட்டு நான் தட்டச்சு செய்த கும்மிப் பாட்டுகள் மாசி மாதம் இதே ஆபத்தில் சிக்கின. இரண்டு இரவு நான் தூங்கவில்லை.

மார்கழி தொடங்கிப் பாலக்காட்டுக் கணவாயில் கீழைக்காற்று எப்படி வீசும் என்று நீயே பார்த்திருக்கிறாய். பனையோலைச் சலசலப்பில் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்கூடக் கேட்காது. அந்தப் புழுதி முழுவதும் என் கணினிக்குள் குடியேறியிருந்தது. முதலில் பத்து நிமிடம் ஓடி அணைந்தது. உடனே மறுபடி போட்டால் இரண்டு நிமிடம். மூன்றாம் முறை அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. மதியம் முழுக்கச் சும்மா விட்டு மாலையில் போட்டால் திரும்பவும் பத்து நிமிடம்! இதை நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்த பிறகுதான் விளங்கியது: ஆறினால் ஓடுகிறது, சுட்டால் நிற்கிறது.

கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புத் திரையில் வெப்பநிலையைப் பார்த்தேன். 62, 75, 88 டிகிரி என்று கண்ணெதிரே ஏறியது. நூறை நெருங்கும்போது திரை இருண்டது. கருகிவிடாமல் இருக்க, கணினியின் மூளையான ப்ராசஸர் செய்துகொள்ளும் தற்காப்பு அது. திறந்து பார்த்தால், ப்ராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே பஞ்சுபோல் தூசி. அதைவிட மோசம், அதன் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று போர்டிலிருந்து கழன்று நின்றது. அதற்கும் ப்ராசஸருக்கும் இடையில் சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகிவிட்டது. பழையதைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்து, கால்களைக் குறுக்கும் நெடுக்குமாக அழுத்திப் பூட்டினேன். அன்றிலிருந்து 50ஐத் தாண்டவில்லை.

ஆனால் உன்னுடையது சூட்டுக் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன். ‘காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் நான்கைந்து நொடிதான்’ என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். சூடு இப்படி ஒரே கணக்காக நிற்காது. பவர் பொத்தானை நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் கணினி அணைந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். செங்கோட்டை ஈரத்தில் உன் பொத்தான் உள்ளே ஒட்டிக்கொண்டு, யாரோ விடாமல் அழுத்துவதுபோல் இருக்கிறதோ என்பதே என் சந்தேகம்.

சோதிப்பது எளிது. பொத்தானிலிருந்து போர்டுக்குப் போகும் இரண்டு கம்பிகளின் இணைப்பை உருவிவிடு. மின்சாரம் கொடுத்து, போர்டில் அது மாட்டியிருந்த இரண்டு ஊசிகளையும் சேர்த்து ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் மட்டும் தொட்டு எடு. கணினி நிற்காமல் ஓடினால் பொத்தான்தான் குற்றவாளி. செலவு மிகக் குறைவு. அப்போதும் அணைந்தால், ப்ராசஸர் அருகே மாட்டும் நான்கு அல்லது எட்டு ஊசி 12 வோல்ட் இணைப்பைக் கழற்றி இறுக்கி மாட்டு. பிறகு ஒரே ஒரு ரேம் (நினைவகப் பலகை) மட்டும் வைத்துப் பார். கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். உன்னை நினைத்து அதுதான் எனக்குப் பயம்.

1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது உன் ஊர் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு, இன்று தமிழ்நாடு எனப்படும் சென்னை மாநிலத்துக்குப் போனது. எங்கள் ஊர் தமிழ் பேசிக்கொண்டே கேரளத்தில் நின்றுவிட்டது. நடுவில் அதே மலைதான். அங்கே ஈரம், இங்கே புழுதி.

ஞாயிறன்று பார்த்துவிட்டு எத்தனை நொடி ஓடியது என்று மறக்காமல் எழுது. எதுவும் பலிக்கவில்லை என்றால், என்னிடம் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று உபரியாக இருக்கிறது. அதையும் அச்செடுத்த கும்மிப் பாட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறேன்.

உன் பழைய தோழன்