ஓட்டைப் பானையும் கார் கதவும்

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. போன இரண்டு ஞாயிறும் கார் கதவுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டதற்கும் அங்கேதான் பதில் கிடைத்தது.

பழைய கார் வாங்கியதில் சந்தோஷம். பாட்டு தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறது, எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு எதையும் வாங்காதே. நான் வாங்கிவிட்டு முழித்தவன்.

தை மாதம் 6.5 இஞ்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன். கடைப் பையன் அரை மணி நேரத்தில் மாட்டி அனுப்பிவிட்டான். நான் சோதிக்க வைத்திருப்பது ஒரே ஒலிப்பதிவுதான்: உன் கல்யாண நாதஸ்வரக் கேசட். வண்ணாரப்பேட்டை பாலம் தாண்டுவதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. தவிலில் கூர்மையாக ஒலிக்கும் வலந்தலை மட்டும் டக்டக்கென்று கேட்கிறது, தாழ்ந்து முழங்கும் மறுபக்கமான தொப்பியைக் காணோம். கம்பெனி போட்டுக் கொடுத்த பழைய காகித ஸ்பீக்கரிலேயே இதைவிடக் கூடுதலாகக் கேட்டது. திரும்பப் போய்ச் சொன்னால், "பேஸ் வேணும்னா டிக்கியில ஒரு சப்வூஃபர் போட்டுடலாம் சார்" என்கிறார்கள். பேஸ் என்றால் அடிநாதம், சப்வூஃபர் அதற்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர். கும்பிடு போட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினேன். ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரையும் ஸ்டீரியோவிலிருந்து பிரித்துவிட்டு, ஒரு பென்சில் பேட்டரியின் பிளஸ், மைனஸை அதில் ஒரு நொடி தொட்டுக் காட்டினேன். வலது கதவு ஸ்பீக்கரின் கோன், அதாவது அதிர்கிற கூம்பு, 'டப்'பென்று வெளியே தள்ளியது. இடது கதவில் அதே தொடலுக்கு உள்ளே போனது. பையன் ஒரு பக்கம் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறான்! ஒன்று காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் தொப்பிச் சத்தம் எங்கிருந்து வரும்? ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஒயரைத் திருப்பிப் போட்டேன், செலவு சைபர், பாதி தவில் திரும்பி வந்தது.

மீதிப் பாதிக்குத்தான் இந்த இரண்டு ஞாயிறும். ஆற்றங்கரை டீக்கடையில் அண்ணாச்சி ஸ்பீக்கரை மண்பானை வாயில் பொருத்திக் கட்டியிருப்பாரே, நினைவிருக்கிறதா? இலங்கை வானொலி அதில் எப்படி முழங்கும்! பானைதான் சத்தத்தைக் கூட்டுகிறது என்று நாம் நினைத்தோம். உண்மையில் ஸ்பீக்கரின் முதுகுப் பக்கம் வரும் சத்தம் முன்பக்கச் சத்தத்தோடு கலந்து அதை அடித்துவிடாமல் பானை தடுக்கிறது. அடிநாதம் அதனால்தான் பிழைக்கிறது. கார் கதவும் ஒரு பானைதான், ஆனால் ஓட்டைப் பானை. டோர் பேடுக்குப் பின்னால் தகரத்தில் கை நுழைகிற அளவு ஓட்டைகள், அதன் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அவ்வளவுதான் காப்பு.

ஓட்டைகளை அலுமினியத் தகடு வெட்டி மூடினேன். அதன் மேலும், வெளித்தகரத்தின் உள்பக்கத்திலும் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட். தின்னர் போட்டுத் துடைத்து, உருளையால் அழுத்தி ஒட்ட வேண்டும். எல்லா இடமும் ஒட்டத் தேவையில்லை, தகரம் அதிர்கிற நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு போதும். விலை மலிவு என்று தார் ஷீட் வாங்கிவிடாதே. நம்மூர் சித்திரை வெயிலில் நிறுத்தினால் இளகி வழியும். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டையை மட்டும் அடைக்காதே. மூடுவதற்கு முன் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார். நான் பார்க்கவில்லை, ஒரு கதவை இரண்டு தடவை பிரித்தேன்.

முடித்ததும் கதவை விரலால் தட்டினேன். முன்பு 'டங்' என்று இழுக்கும், இப்போது 'தொம்' என்று நின்றுவிடுகிறது. நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைத் தட்டினால் பாட வேண்டும், அது அதன் அழகு. கார் கதவு பாடக் கூடாது.

அப்புறம் கேசட் விஷயம். மகன் முதலில் அதை இடம் மிச்சம் பிடித்து 64 கேபிபிஎஸ் எம்பி3யாக மாற்றித் தந்தான். தாளச் சத்தம் தண்ணீருக்குள் விழுந்த மாதிரி சளசளத்தது. கதவு தகரமாக இருந்தவரை அது தெரியவில்லை, இப்போது தெரிகிறது. கேசட்டிலிருந்து மறுபடி ஏற்றி, சத்தத்தில் எதையும் வெட்டாத ஃபிளாக் கோப்பாக வைத்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் வந்த பாட்டைப் போட்டுவிட்டு ஸ்பீக்கரைத் திட்டாதே.

ஸ்டீரியோவில் 50 வாட் பெருக்கல் 4 என்று அச்சடித்திருப்பதை நம்பாதே. 4 ஓம் ஸ்பீக்கருக்கு உருப்படியாக வருவது 20 வாட் பக்கம்தான். அதற்கு மேல் திருகினால் சத்தம் கிழிகிறது. நான் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான அடிச் சத்தம் கதவு ஸ்பீக்கருக்குப் போகாமல் ஸ்டீரியோவில் வெட்டிவிட்டேன், பேஸ் பூஸ்ட்டையும் அணைத்தேன். டைம் டிலே என்று, ஒரு ஸ்பீக்கரின் சத்தத்தைச் சற்றுத் தாமதமாக அனுப்புகிற வசதி இருந்தால் போட்டுப் பார். வலது ஸ்பீக்கர் நம் முழங்காலுக்குப் பக்கம், இடது அரை மீட்டர் தள்ளி. வலதை ஒன்றரை மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால் நாதஸ்வரக்காரர் வலது கதவிலிருந்து எழுந்து டேஷ்போர்டு நடுவில் வந்து உட்காருகிறார். சத்தியமாக!

தனியாக ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், வைப்பதாக இருந்தால், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடச் சொல். எர்த் ஒயரை, கார் பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகரத்தில் முறுக்கச் சொல். இல்லாவிட்டால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கொசு பாடும். நான் ஆம்ப் வாங்கவில்லை. அறுபதை நெருங்கும் காதுக்கு இது போதும் என்கிறாள் உன் தங்கச்சி. நாலு வழிச் சாலையில் 80இல் போனால் டயர்ச் சத்தம் பாதியைத் தின்றுவிடுகிறது என்பதும் உண்மைதான்.

வேறு விசேஷம் பெரிதாக இல்லை. எனக்கு முழங்கால் வலி, உனக்கு எப்படி? குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. ஒரு வாரம் லீவு போட்டு வா, ஆலங்குளம் வழியாகப் போவோம். கேசட்டில் கெட்டிமேளம் முழங்குகிற இடத்துக்குப் பின்னால் யாரோ, "ஏலே, சாம்பார் வாளி எங்கல?" என்று கத்துவது இத்தனை வருஷத்தில் இப்போதுதான் எனக்குக் கேட்டது. உன் பெரியப்பா குரல் மாதிரி இருக்கிறது. வந்து கேட்டுச் சொல்.

உன்,
பழைய பெஞ்ச்சுக்காரன்