ரிபிள்ஹெட் கல்விச் சுற்றுலா: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவுக்கு ரிபிள்ஹெட் கூட்டிப்போகிறோம். லீட்ஸில் கார்லைல் ரயிலில் ஏறினால் மாறாமல் அங்கேயே இறங்கலாம். யார்க்‌ஷயர் மலைப்பக்கம், இங்கிள்டன் பாரிஷில் (ஊராட்சி மாதிரி) இருக்கும் இடம். கடைத்தெரு இல்லை, விளையாட்டுப் பூங்கா இல்லை. "பிள்ளைகள் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரிபிள்ஹெட் போகிற எல்லோரும் பார்ப்பது அங்குள்ள ரயில் பாலத்தை. 24 வளைவுகள், 400 மீட்டர் நீளம், ஆக உயர்ந்த இடத்தில் 32 மீட்டர் உயரம். நாட்காட்டிப் படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாலத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுவோம். ஆனால் அதைவிட, அதன் காலடியில் புல் மூடிக் கிடக்கும் சதுப்பு நிலத்தில் அவர்கள் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. 1870களில் அங்கே ஓர் ஊரே இருந்தது.

ஸ்காட்லாந்துக்குப் போக மிட்லண்ட் ரயில்வே கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு பாதை தேவைப்பட்டது. செட்டில் என்ற ஊரில் இருந்து கார்லைல் வரை மலைகளைக் குடைந்தும் பள்ளங்களைக் கடந்தும் 116 கிலோமீட்டர் போட 1866-இல் நாடாளுமன்ற அனுமதி கிடைத்தது. செலவை நினைத்துக் கம்பெனி பின்வாங்கப் பார்த்தது. நாடாளுமன்றம் விடவில்லை. சரி, போட்டுத்தான் ஆக வேண்டும் என்று 1870-இல் இந்தப் பாலத்துக்கு முதல் கல் வைத்தார்கள், 1874-இல் கடைசிக் கல். 1876 மே 1-ஆம் தேதி பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது.

கட்டிய விதத்தைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் கவனித்துப் பார்க்க வேண்டும். ஈரச் சதுப்பு மண்ணைத் தோண்டி, ஏழு மீட்டருக்கும் மேலே ஆழத்தில் பாறையைத் தொட்டுத்தான் தூண்களை எழுப்பினார்கள். தூண்களுக்குச் சுண்ணாம்புக்கல், வளைவுகளுக்குச் செங்கல். செங்கல் மட்டும் 15 லட்சம், அதற்குப் பக்கத்திலேயே சூளை போட்டார்கள். தூண்களை எண்ணிக்கொண்டே நடந்தால் ஒவ்வோர் ஆறாவது தூணும் மற்றவற்றைவிடத் தடிமனாக இருப்பது தெரியும். எங்காவது ஒரு தூண் விழுந்தால் முழுப் பாலமும் சரிந்துவிடக் கூடாது, ஐந்து வளைவுகளோடு நின்றுவிட வேண்டும் என்று போட்ட கணக்கு அது. கணக்கு வாத்தியார்கள் பத்து வகுப்பில் சொல்லிக் கொடுப்பது பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பார்வையில் புரியும்.

இந்த வேலையில் 2,300 பேர் வரை இருந்தார்கள். பலர் மனைவி மக்களோடு வந்தவர்கள். மரக் குடிசைகள் போட்டார்கள். குடும்பம் ஒரு பக்கம் இருக்க, வாடகைக்குத் தங்கும் ஆண்கள் மறுபக்கம் படுத்துக்கொண்டார்கள். குடியிருப்புகளுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: செபாஸ்டபோல், இங்கர்மன், ஜெரிக்கோ, ஜெருசலேம், பெல்கிரேவியா. முதல் இரண்டும் கிரிமியப் போர்க்களங்கள், அடுத்த இரண்டும் பைபிள் ஊர்கள், கடைசியது லண்டன் பணக்காரர்களின் வட்டாரம். எல்லாவற்றிலும் பெரியது பாட்டி கிரீன் (Batty Green). கடைகள், மதுக்கடைகள், அஞ்சல் நிலையம், நூலகம், மருத்துவமனை எல்லாம் அங்கே இருந்தன. பள்ளிக்கூடமும் இருந்தது, ஞாயிறு பள்ளி தனியாக. சனிக்கிழமைதோறும் வாடகைக்கு எடுத்த வகுப்பறையில் கூடும் நம் பிள்ளைகளுக்கு, அந்தக் குடிசைப் பள்ளியை நினைத்துப் பார்ப்பது கஷ்டமாக இருக்காது என்று நம்புகிறேன்.

இன்று அங்கே கூரையோ சுவரோ கிடையாது. குடிசை நின்ற மேடு, கல் ஏற்றிய டிராம் பாதையின் தடம், இவ்வளவுதான். கண்ணைப் பழக்கினால் தெரியும். அந்த நிலத்துக்கும் அரசு சட்டப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. பாலத்தைக் காப்பாற்றுவது எளிதில் யாருக்கும் தோன்றும். வெறும் மேடுகளையும் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அப்புறம் சேப்பல்-லெ-டேல் என்ற சிற்றூர். ரிபிள்ஹெட்டில் இருந்து இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். அங்கே புனித லெனார்டு தேவாலயம் என்ற சிறிய கோயில் இருக்கிறது. 1871-இல் குடிசைகளில் பெரியம்மை பரவியது. வெடிவிபத்து, கல் சரிவு, குளிர் என்று மற்றச் சாவுகளும் சேர, அந்தச் சில ஆண்டுகளில் ஏறக்குறைய 200 பேரை இந்தக் கோயில் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள். இடம் போதாமல் தோட்டத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. கோயிலுக்குள் ஒரு நினைவுக் கல் பதித்திருக்கிறார்கள், செலவைச் சக தொழிலாளர்களும் கம்பெனியும் பகிர்ந்துகொண்டார்கள். விபத்தில் இறந்தவர்களுக்கு என்று அதில் எழுதியிருக்கிறது. ஒருவர் பெயரும் இல்லை. அம்மையில் போன தாய்மாரும் குழந்தைகளும் அந்த வாசகத்துக்குள் வரவே இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆனால் அவர்களுடைய பெயர்கள் அழிந்துபோகவில்லை. 1813 முதல் இங்கிலாந்துத் தேவாலயங்களில் அடக்கப் பதிவேட்டை அச்சிட்ட படிவத்தில் எழுத வேண்டும் என்பது சட்டம்: பெயர், வசித்த இடம், தேதி, வயது. பணக்காரருக்கும் குடிசைக் குழந்தைக்கும் அதே கட்டங்கள். மூத்த வகுப்பினர் பயணத்துக்கு முன் அந்தப் படிவம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வருவார்கள். திரும்பி வந்ததும் பாட்டி கிரீனில் வாழ்ந்த ஒரு பிள்ளையின் ஒரு நாளைத் தமிழில் எழுத வேண்டும். இந்த ஆண்டுக் கட்டுரைப் போட்டிக்கும் அதுதான் தலைப்பு.

சின்னப் பிள்ளைகளைக் கல்லறைப் பக்கம் கூட்டிப்போகலாமா என்று சிலருக்குத் தயக்கம் இருக்கும். அதை நான் மதிக்கிறேன். சம்மதப் படிவத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த நேரம் உங்கள் பிள்ளை ஓர் ஆசிரியையோடு ரிபிள்ஹெட் நிலையத்திலேயே இருக்கலாம், அங்கே சிறிய காட்சிக்கூடமும் உண்டு.

1980களில் இந்தப் பாதையையே மூட ரயில்வே நிர்வாகம் முயன்றது, பாலத்தைப் பழுதுபார்க்கக் கட்டுப்படி ஆகாது என்பது முக்கியமான காரணம். 22,000-க்கும் அதிகமான எதிர்ப்பு மனுக்கள் போயின. 1989 ஏப்ரலில் மூடும் முடிவைக் கைவிட்டார்கள். ரயிலில் போகும்போது இதைப் பிள்ளைகளிடம் சொல்வோம்.

இனி ஏற்பாடுகள். அங்கே காற்று சாதாரணமாக இருக்காது. 1964-இல் சரக்கு ரயிலில் போன புதுக் கார்களையே பாலத்தில் காற்று தள்ளிவிட்டிருக்கிறது. கோடைதானே என்று மெல்லிய உடுப்போடு அனுப்பாதீர்கள். மழைக்கோட்டு, நல்ல பிடிப்புள்ள சப்பாத்து, மாற்றுக் காலுறை கட்டாயம். குடை வேண்டாம், காற்றில் நிற்காது. மதியத்துக்குப் புட்டோ சாண்ட்விச்சோ, கையால் எடுத்துச் சாப்பிடக்கூடியது எதுவும் சரி, கறிக்குழம்பு மட்டும் வேண்டாம். தேவாலயத்துக்குப் போகும் சாலையில் வண்டிகள் வேகமாக வரும் என்பதால் எல்லாரையும் வேனில்தான் கூட்டிப்போவோம்.

கூட வர விரும்பும் பெற்றோர், தாத்தா பாட்டிமார் எல்லாரும் வாருங்கள். சம்மதப் படிவத்தை இந்த மாதம் முடிவதற்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள், ரயில் டிக்கெட் மொத்தமாக எடுக்க வேண்டும். கட்டணம் சிரமமாக இருந்தால் என்னிடம் நேரில் சொல்லுங்கள், எந்தப் பிள்ளையும் பணத்துக்காகப் பின்னால் நிற்கக் கூடாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்