சேர்ந்து வருவதெல்லாம் காரணம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பாளையங்கோட்டைப் பக்கம் பெற்றோர் கூட்டம் என்றாலே ‘செல்போன் பார்க்கிற பிள்ளைக்கு மார்க் குறையுது’ என்ற பேச்சுதான். சரி, இரண்டும் சேர்ந்தே காணப்படலாம். அதனாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. படிப்பில் பின்தங்கிய பிள்ளை மனம் வெறுத்துப் போனைக் கையில் எடுத்திருக்கலாம். வீட்டுச் சண்டையோ தூக்கக் குறைவோ இரண்டையும் உண்டாக்கியிருக்கலாம். காரணத்தை உறுதிசெய்ய, பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவில் மட்டும் செல்போன் நேரத்தைக் குறைத்து, இரு குழுவின் மார்க்கையும் ஒப்பிட வேண்டும். 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்ற அறிஞர் உளவியல் ஆய்வகம் தொடங்கிய காலம் முதலே உளவியல் சோதித்துப் பார்க்கிற துறை. நெல்லைப் பள்ளிகளில் பிளஸ் ஒன் மாணவர்களுக்காவது இப்படிச் சோதித்துக் காரணம் அறியும் முறையைச் சொல்லித் தர வேண்டும். அப்புறம், ‘ஆய்வில் தகவல்’ என்று செய்தி போடும்போது, எத்தனை பேரை, எப்படித் தேர்ந்தெடுத்துக் கேட்டார்கள் என்பதையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.

ஒரு வாசகர்,
திருநெல்வேலி