எடை போடுகிற அன்றைக்கு அம்மாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

முக்கூடல் பக்கத்து ஊர் ஒன்றில் 29 வருஷம் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். போர்டில் அங்கன்வாடி என்று எழுதி எத்தனையோ காலம் ஆயிற்று, ஊர் வாயில் இன்னும் பால்வாடிதான். வேலையை விட்ட பிறகும் மனசைவிட்டுப் போகாத ஒரு விஷயத்துக்காக இதை எழுதுகிறேன்.

என் மையத்தில் நாலு வயசுப் பையன் ஒருவன் இருந்தான். கடிப்பான். பக்கத்துப் பிள்ளையின் கையோ தோளோ, பல் பதியக் கடித்துவிடுவான். கடிபட்ட பிள்ளையின் வீட்டார் சண்டைக்கு வருவார்கள். வளர்ப்பு சரியில்லை என்று அவன் அம்மா காதுபடவே பேசுவார்கள். பயந்த கோளாறு என்று திருநீறு போட்டு, இடுப்பில் கயிறும் கட்டியாயிற்று. நானும் அதட்டிப் பார்த்தேன், தனியாக உட்கார வைத்தேன். ஒன்றுக்கும் அவன் மசியவில்லை. அப்புறம் அவன் கடிக்கிற நாளில் எல்லாம் வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். ரெண்டு மாசம் கழித்துப் பார்த்தால், புள்ளிகள் பெரும்பாலும் புதனிலும் வியாழனிலும் விழுந்திருந்தன. வியாழக்கிழமை அவன் அம்மாவுக்குக் குழுக்கடன் தவணை.

ஒருநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையின் தொட்டில் கயிறு அவள் கால் பெருவிரலில் கட்டியிருந்தது. கை இலையைச் சுருட்டுகிறது, கால் தொட்டிலை ஆட்டுகிறது. பெரியவன் "எம்மா, இங்க பாரேன்" என்று ஏழெட்டுத் தடவை கூப்பிட்டான். அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் எண்ணிக்கை குறையும், கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. கடைசியில் அவன் சுளகைத் தட்டிவிட்டான். தூளெல்லாம் தரையில். முதுகில் ஒன்று வைத்தாள். அவன் அழுதான், தொட்டிலில் கிடந்ததும் அழுதது, அவளும் அழுதாள். "சொன்னா கேக்க மாட்டக்கான் டீச்சர். இவன அடிச்சிட்டு ராத்திரி பூரா எனக்கு உறக்கமே இல்ல" என்றாள்.

வீட்டுக்காரருக்குக் கேரளாவில் ஹோட்டல் வேலை. நீ எப்படிம்மா இருக்கே என்று அவளைக் கேட்க ஆள் கிடையாது. வாரத்தில் ரெண்டு நாள் போய் அரைமணி நேரம் அவள் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்தேன். கடன் அப்படியேதான் இருந்தது. ஆனால் விளக்கு வைத்ததும் சுளகை ஓரமாக வைத்துவிட்டுப் பையனைப் பத்து நிமிஷம் மடியில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். கடிப்பது முழுக்க நின்றது என்று சொல்ல மாட்டேன், நன்றாகக் குறைந்தது.

அந்தத் தாயைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாரம் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது, பிள்ளையின் அடம் திரும்பத் தாயிடம் வருகிறது, ரெண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடுகின்றன. நர்சிங் படித்த என் மகள் ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னாள். அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரானிக் என்பவர் 1970-களில் செய்தது. சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் தாய், கொஞ்ச நேரம் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் பிள்ளையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை சிரித்துக் காட்டும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் பதிவேடுகளில் எடை உண்டு, உயரம் உண்டு, தடுப்பூசி, சத்து மாவு எல்லாம் உண்டு. இப்போது செல்போனிலும் ஏற்ற வேண்டியிருக்கிறது. இத்தனை கட்டங்களில் அம்மா எப்படி இருக்கிறாள் என்பதற்கு ஒரு கட்டம் நான் பார்த்ததில்லை. எடை போடும் நாளில் எல்லாத் தாய்மாரும் வருகிறார்கள். அன்றைக்கு ரெண்டே கேள்வி கேட்டால் போதும்: உறக்கம் வருதா? மனசுக்குக் கஷ்டமா இருந்தா சொல்ல யாரும் இருக்காங்களா? இல்லை என்கிறவளைக் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டில் போய்ப் பார்க்கட்டும். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்பட்டும். 14416 என்கிற மனநல உதவி எண்ணை மையத்துச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கட்டும்.

இதெல்லாம் பெரிய டாக்டர்கள் வேலை என்று நினைக்க வேண்டாம். பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கக் கிராமங்களில், கர்ப்பக் காலத்திலேயே மனச்சோர்வில் இருந்த பெண்களின் வீட்டுக்கு, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்களையே அனுப்பிப் பேச வைத்தார்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில், அப்படிப் பேசப்பட்டவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் சோர்வு இருந்தது. மற்றவர்களில் 53 சதவீதம். 2008-ல் வெளிவந்த ஆய்வு இது. அந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் குறைவாக வந்தது, தடுப்பூசியும் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். நம் செவிலியர்களும் டீச்சர்களும் இதைச் செய்வார்கள். ஆனால் இன்னொரு பாரமாக அவர்கள் தலையில் ஏற்றக் கூடாது, அதற்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டும்.

கேட்டால் மட்டும் போதாது, கை கொடுக்கவும் வேண்டும். 1966-ம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டத்தில் குழந்தைக் காப்பகம் பற்றி இருந்தது. அது தொழிற்கூடத்துக்கு. எங்கள் பெண்களுக்குத் தொழிற்கூடம் வீட்டுத் திண்ணைதான். மையத்துக்கு வரும் வயசாகாத கைக்குழந்தைகளைப் பகலில் ரெண்டு மூணு மணி நேரம் பார்த்துக்கொள்ள, பீடி சுற்றும் ஊர்களில் ஒரு இடமும் ஓர் ஆளும் வேண்டும். கூட்டம் போட்டால் அப்பாக்களையும், மாமியார்களையும் கூப்பிடுங்கள். வளர்ப்பு என்கிற சொல்லைத் தாயின் தலையில் மட்டும் வைத்தே பழகிவிட்டோம்.

முக்கூடல், பாப்பாக்குடிப் பக்கம் நாலு மையத்தில் ஆறு மாசம் செய்து பாருங்கள். எடை போடும் நாளில் அந்த ரெண்டு கேள்வியைக் கேட்க, நாலு மையத்துக்கும் நானே வருகிறேன். சம்பளம் வேண்டாம். எந்த மையம், எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பால்வாடி டீச்சர் ஒருத்தி