லிஸ்பன் படிக்கட்டுகளில் எங்களைத் தாங்கிய கைகளுக்கு

லிஸ்பனின் பழைய பகுதியான அல்பாமாவின் சந்துகளில் எங்களுக்கு உதவிய, பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போன உறவுகளுக்கு,

வணக்கம். கடந்த ஜூன் மாதம் உங்கள் ஊருக்கு வந்த தூத்துக்குடித் தம்பதி நாங்கள். கடலைப் பார்த்தே வளர்ந்தவர்கள்தான். ஆனால் மேடு என்று சொல்ல எங்கள் ஊரில் உப்பளத்து உப்புக் குவியலைத் தவிர வேறில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் முத்துக்குளித்துறைக்கு அந்தக் காலத்தில் வந்த போர்ச்சுகீசியக் கப்பல்கள் எந்த ஆற்று வாயிலிலிருந்து கிளம்பின என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அப்படித்தான் ஏழு குன்றுகளின் மேல் உட்கார்ந்திருக்கும் லிஸ்பனுக்கு வந்து சேர்ந்தோம்.

இரண்டாம் நாள் காலை அது நடந்தது. 1755 நவம்பர் 1ஆம் தேதி நிலநடுக்கமும் கடல் அலையும் தீயுமாகச் சேர்ந்து கீழ்நகரை அழித்தபோது, அல்பாமா பெரும்பாலும் தப்பிவிட்டது. கீழே புதிதாகக் கட்டிய தெருக்கள் நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கின்றன. அல்பாமாவிலோ இன்றும் அதே பழைய சந்துகள், அதே படிகள். அந்தப் படிகளில் பாவியிருக்கும் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள் தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டுத் தேய்ந்து சோழி போல வழவழப்பாகிக் கிடக்கின்றன. யாரோ வாசல் கழுவிவிட்ட ஈரம் வேறு. என் வீட்டுக்காரருக்குக் கால் வழுக்கியது. கணுக்கால் மடங்கி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

துணி உலர்த்திக்கொண்டிருந்த பாட்டி, முதலில் உங்கள் குரல்தான் எங்களுக்குக் கேட்டது. இரண்டாவது மாடியிலிருந்து ஏதோ சத்தமாகச் சொன்னீர்கள். அடுத்த நிமிடம், வீட்டுச் செருப்போடு கீழே வந்து நின்றீர்கள். கையில் உறைந்த பட்டாணிப் பொட்டலம். அதை நேரே தோலில் வைக்கக் கூடாது என்று கையால் காட்டிவிட்டு, தோளில் கிடந்த துணியை எடுத்து அதைச் சுற்றியபடி "துவால்யா, துவால்யா" என்றீர்கள். துவாலை! அந்த ஒரு சொல்லில் என் பதற்றம் பாதி இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் தினமும் புழங்கும் சொல், உங்கள் கடற்கரையிலிருந்து எங்கள் கடற்கரைக்கு வந்த சொல், திரும்ப உங்கள் வாயிலிருந்தே கேட்டது. பிறகு நான் மேலே கைகாட்டி "சன்னல்" என்றேன். நீங்கள் "ஜனெலா" என்றீர்கள். மேசை, சாவி, அலமாரி, பொத்தான், அன்னாசி என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, நீங்கள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிச் சிரித்தீர்கள். வலியோடு உட்கார்ந்திருந்தவரும் சிரித்தார்.

சந்து முனையில் கல் பாவிக்கொண்டிருந்த இரண்டு அண்ணன்மார்களே, உங்களை எப்படி மறப்போம்? உள்ளங்கையில் ஒரு கல்லை வைத்து, சின்னச் சுத்தியலால் ஒரே தட்டில் வேண்டிய அளவுக்கு உடைத்து, குழியில் பொருத்திக்கொண்டிருந்தீர்கள். அதைத்தான் நாங்கள் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தோம். சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்தீர்கள். பாட்டி வீட்டு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கி, அத்தனை படியும் இறக்கி, பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக்கடை வரைக்கும் கொண்டுவந்து விட்டீர்கள். நான் பணப்பையைத் திறந்ததும், நெஞ்சில் கைவைத்து வேண்டாம் என்றீர்கள். கல் தூசி படிந்த அந்தக் கைகள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கின்றன.

மருந்துக்கடைச் சகோதரி எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்று பார்த்துச் சொல்லி, கட்டுப் போட்டுவிட்டார். கட்டுத்துணியின் விலையை மட்டும்தான் வாங்கினார். அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் செய்தார். ஃபன்கெய்ரோஸ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் பொது மின்தூக்கி இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள், அதில் ஏறினால் குன்றின் மேலிருக்கும் கோட்டைக்குப் பாதித் தூரம் குறைந்துவிடும் என்று காகிதத்தில் படம் வரைந்து கொடுத்தார். மூட்டுவலிக்காரர்கள் யாராவது லிஸ்பன் போவதாக இருந்தால் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மார்த்திம் மொனீஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் வங்காளதேசத்துத் தம்பி, நீங்கள் ஓர் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்து, "ஊருக்குப் போகும்போது திருப்பித் தாருங்கள் போதும்" என்றீர்கள். பசியோடு வந்த எங்களுக்குச் சோறும் பருப்பும் வீட்டிலிருந்து வந்தது. இருபத்தெட்டாம் எண் டிராம் அங்கேதான் கிளம்புகிறது. வரிசையில் நின்றவர்களிடம் பேசி எங்களை முன்னால் ஏற்றிவிட்டதும் நீங்கள்தான். அந்த மஞ்சள் டிராமின் மரப்பலகை இருக்கையில் அவர் சரியாக உட்காரும் வரை வண்டியை எடுக்காமல் காத்திருந்த ஓட்டுநரம்மாவுக்கும், இடம் தந்து எழுந்து நின்ற பெரியவருக்கும் நன்றி. கைநீட்டினால் வீட்டுச் சுவரைத் தொடலாம் போன்ற சந்துக்குள் வண்டி நுழைந்தபோது, என் வீட்டுக்காரர் சின்னப்பிள்ளைபோல என் கையைப் பிடித்துக்கொண்டார்.

லிஸ்பனின் ஆற்றோரப் பகுதியான பெலேமில் வாஸ்கோ ட காமா கல்லறையைப் பார்த்தோம். 1554இல் தமிழை உரோமன் எழுத்தில் அச்சிட்ட சிறு நூல் வெளிவந்ததும் இதே ஊரில்தான் என்பதை அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டோம். தேஜோ ஆறு கடலாக விரியும் இடத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக, எங்களுக்கு அறை வாடகைக்குத் தந்த அக்காவுக்கு. "குன்றுகளைப் பார்க்கக் குன்று ஏற வேண்டியதில்லை, ஆற்றுக்குள் போங்கள்" என்று அக்கரையிலிருக்கும் கசில்யாஷ் போகும் படகுக்கு அனுப்பிவைத்தது நீங்கள். பத்தே நிமிடப் பயணம். திரும்பி வரும்போது, கோட்டை, மாதா கோயில் கோபுரங்கள், ஓட்டுக் கூரைகள், எங்களை வழுக்கிவிட்ட அல்பாமாப் படிகள் எல்லாம் மாலை வெயிலில் ஒன்றாக எழுந்து நின்றன. கரையில் சாளை சுடும் புகை. எங்கள் ஊர் மணம் அது.

கிளம்பும் நாளில், அந்தோணியார் திருநாளுக்காக வாங்கிய மஞ்சரிக்கோ செடியைத் தந்தீர்கள். துளசி இனத்துச் செடி அது. மூக்கை வைத்து முகரக் கூடாது, கையால் தடவிக் கையைத்தான் முகர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். விமானத்தில் கொண்டுவர முடியாமல் உங்கள் சன்னலிலேயே வைத்துவிட்டு வந்தோம். அவர் இப்போது நன்றாக நடக்கிறார். அக்கா, செடிக்கு எங்களுக்காகவும் ஒரு கை தண்ணீர் ஊற்றுங்கள்.

அன்போடு,
தூத்துக்குடியிலிருந்து இருவர்